நீச்சல் குளம் யாருக்கு?

முழங்கால் வலி என்று அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன ஆலோசனை கிடைக்கும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். எடையைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூடாது. “நடக்க முடிஞ்சா நான் ஏன் டாக்டர் இங்க வரப்போறேன்?” என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டால் மருத்துவர் சிரிப்பார், வரிசையில் பின்னால் நிற்பவர்களும் சிரிப்பார்கள். பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதித் தரப்படும். மாத்திரை தீரும்வரை வலி அடங்கியிருக்கும். அடுத்த முறை அவர் வரும்போது எடை கூடியிருக்கும், தொடை மெலிந்திருக்கும், கையில் ஒரு குச்சியும் சேர்ந்திருக்கும்.

மருத்துவர் சொன்னதில் பிழையே இல்லை. அதுதான் சங்கடம். முழங்கால் தேய்மானத்துக்கு உலகெங்கும் மருத்துவ வழிகாட்டுதல்கள் முன்வரிசையில் வைப்பது உடற்பயிற்சியைத்தான். தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால், மூட்டின் மேல் விழும் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். அந்தத் தசையை வளர்க்க வேண்டுமானால் காலுக்கு வேலை கொடுக்க வேண்டும். வேலை கொடுத்தால் வலிக்கிறது. மாடிப்படி ஏறும்போது முழங்கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல மூன்று மடங்குவரை போகும். 75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அம்மாவின் கோபம் விளங்கும். இந்தச் சிக்கலுக்கு மருந்துக் கடையில் விடை கிடையாது. அவரை மார்பளவு தண்ணீரில் இறக்கி நடக்கவிட்டால் விடை கிடைக்கும்.

தொப்புள்வரை தண்ணீரில் நின்றால், கால்கள் தாங்க வேண்டியது உடல் எடையில் ஏறக்குறையப் பாதி. மார்பளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு போனால் பத்தில் ஒரு பங்குதான். ஆர்க்கிமிடீஸ் சொன்ன அதே மிதப்பு விசை. தரையில் 75 கிலோவைச் சுமக்கும் அந்த இரண்டு கால்கள் மார்பளவு நீரில் சுமப்பது சுமார் 25 கிலோவை. அப்போது நடக்கலாம், பக்கவாட்டில் கால் வைக்கலாம், பின்னோக்கிக்கூட நடக்கலாம். விழுந்தால் என்ன ஆகும் என்ற பயமும் பாதி குறையும். தண்ணீரில் யாரும் படாரென்று விழுவதில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு நடை பழகுகிறவர்களுக்கும், பார்கின்சன் நோயால் தள்ளாடுகிறவர்களுக்கும் இந்த அவகாசம் பெரிய விஷயம். தடுமாறினால் சுதாரித்துக்கொள்ள அங்கே நேரம் இருக்கிறது.

எடையைக் குறைத்துவிட்டால் தசைக்கு வேலை எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். அந்த வேலையையும் தண்ணீரே கொடுக்கிறது. காற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பது எளிது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடப்பது அப்படியல்ல. வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மெதுவாக அசைத்தால் லேசாக எதிர்க்கும். வலிக்கிறது என்று நிறுத்தினால் எதிர்ப்பும் அந்தக் கணமே நின்றுவிடும். உடற்பயிற்சிக் கூடத்து இரும்பு அப்படி நிற்காது, கையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று, நீரின் அழுத்தம். நான்கடி ஆழத்தில் நிற்பவரின் பாதத்தைச் சுற்றி ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு அழுத்தம் இருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது சொல்கிறார்களே ‘120க்கு 80’ என்று, அதில் கீழே வரும் எண்ணைவிட இது அதிகம். வீங்கிய கணுக்காலில் தேங்கிய நீர் மேலேறுவதற்கு இதைவிட நல்ல காலுறை கிடையாது. சிகிச்சைக் குளத்து நீரின் வெப்பம் பொதுவாக 33 முதல் 36 டிகிரி செல்சியஸ்வரை இருக்கும். அந்த வெதுவெதுப்பில் இறுகிக் கிடக்கும் தசை தளர்கிறது. மூளை முடக்குவாதத்தால் கை கால் விறைத்த குழந்தைகளைத் தண்ணீரில் இறக்குவதற்கு இதுவே முதல் காரணம்.

இதை ஒருமுறை கிட்ட இருந்து பார்த்தால் நம்பிக்கை வரும். சென்னையில் ஒரு தனியார் மையம். பெரிய ஹால் அளவுக்கு ஒரு குளம், நாலடி ஆழம். சுவரில் ‘34’ என்று சிவப்பு எழுத்தில் எரிகிறது. உள்ளே லெக்கிங்ஸும் முழுக்கைச் சட்டையும் போட்ட ஐந்து பெண்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்கிறார்கள். கரையில் ஒரு வாக்கர் ஆளில்லாமல் நிற்கிறது. பிசியோதெரபிஸ்ட் இளைஞர் அவர்களோடு தண்ணீரில் நின்றபடி எண்ணுகிறார். “முட்டிய மடக்காதீங்கம்மா, தண்ணிய உதைங்க, இன்னும் நாலு.” ஒரு அம்மா கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குளத்தின் நடுவே நடந்து மறுகரைக்குப் போனார். போய்ச் சேர்ந்ததும் அவர் முகத்தில் வந்தது குழந்தைச் சிரிப்பு. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அவர் வெளியேறிய விதம். சாய்தளத்தில் ஒவ்வொரு அடியாக மேலேற ஏறத் தண்ணீர் அவரைக் கைவிடுகிறது. இடுப்பு வெளியே வந்ததும் இரண்டு கைகளாலும் கம்பியை இறுக்கிப் பிடித்தார். “இப்பத்தான் தம்பி கனமே தெரியுது.” அவரை நாற்காலியில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ரத்த அழுத்தம் பார்த்த பிறகுதான் அந்த இளைஞர் அடுத்தவரிடம் போனார்.

அங்கே ஒரு முறைக்கு வாங்கும் கட்டணம் ஒரு சித்தாளின் ஒரு நாள் கூலியைத் தாண்டும். வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால், முழங்கால் அதிகம் தேய்ந்த வர்க்கத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

நீரில் நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சி உலகப் புகழ் பெற்ற இடத்திலும் இதே கதைதான். 1921 ஆகஸ்டில், தன் 39வது வயதில், பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். இரண்டு கால்களும் செயலிழந்தன. 1924 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே பூமிக்கடியிலிருந்து சுமார் 31 டிகிரி வெப்பத்தில் ஊற்று வருகிறது. தரையில் துவண்டு கிடந்த கால்கள் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் அசைந்தன. அவர் அதோடு விடவில்லை. 1926இல் தன் சொத்தில் பெரும்பகுதியைப் போட்டு அந்த இடத்தையே வாங்கினார். 1927இல் அறக்கட்டளை ஒன்றை அமைத்து, மருத்துவரையும் பயிற்சியாளர்களையும் அமர்த்தி, அதைப் போலியோ நோயாளிகளின் மறுவாழ்வு மையமாக்கினார். அதிபரான பிறகும் போய்வந்துகொண்டிருந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று அவர் இறந்ததும் அங்கேதான்.

ரூஸ்வெல்ட் குணமடையவில்லை என்பதை நம் ஊர் ‘நீர் சிகிச்சை’ விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை. இரும்புக் காலிப்பரும் ஒரு தோளின் துணையும் இல்லாமல் அவர் கடைசிவரை நடக்கவில்லை. போலியோ அழித்த நரம்பை எந்த ஊற்றும் திருப்பித் தராது. மிச்சமிருந்த தசைகளைத் தேடிப் பிடித்து வலுவாக்க அந்தத் தண்ணீர் இடம் கொடுத்தது. கூடவே, தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து சிரித்துக் கும்மாளமிட ஒரு குளம் கிடைத்தது. அது சின்ன விஷயமல்ல. ஆனால், வார்ம் ஸ்பிரிங்ஸ் குளத்தில் வெள்ளையர்களுக்கு மட்டுமே இடம். கறுப்பினக் குழந்தைகளுக்கு என்று அலபாமாவின் டஸ்கிகீயில் தனியாக ஒரு போலியோ மையம் 1941இல்தான் திறக்கப்பட்டது. வார்ம் ஸ்பிரிங்ஸ் அறக்கட்டளை உருவான அதே 1927இல்தான் அம்பேத்கர் மகாடில், தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளினார். குளம் என்றாலே உள்ளே யார், வெளியே யார் என்ற கேள்வி எங்கும் கூடவே வந்துவிடுகிறது.

பிறகு வந்தவர்கள் ஊற்றையும் கனிமத்தையும் விட்டுவிட்டு, பயிற்சியின் பக்கம் திரும்பினார்கள். லண்டனில் ஹாலிவிக் என்ற மாற்றுத்திறனாளிச் சிறுமியர் பள்ளியில் 1949இல் ஜேம்ஸ் மெக்மில்லன் ஒரு முறையை வகுத்தார். அவர் மருத்துவர் அல்ல, நீரியல் பொறியாளர். குழந்தைகளுக்கு மிதவைகளே கட்டக் கூடாது என்றார். ஒரு குழந்தைக்கு ஒரு ஆள் துணை. முதலில் தண்ணீரில் மூச்சைக் கட்டுப்படுத்தப் பழக வேண்டும், பிறகு சமநிலை, அதன் பிறகே நீச்சல். சுவிட்சர்லாந்தின் பாட் ராகாஸில், நோயாளியை வளையங்களில் மிதக்கவிட்டு, சிகிச்சையாளர் கை கொடுத்துத் தசைகளை இழுக்க வைக்கும் முறை வளர்ந்தது. எல்லா இடத்திலும் பொதுவாக இருந்தது, தண்ணீருக்குள் நிற்கும் பயிற்சி பெற்ற ஒரு மனிதர். குளத்தைக் கட்டிவிட்டு ஆளைப் போடாமல் விடும் நம் அரசுப் பழக்கத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

சரி, பலன் எவ்வளவு? இதில் மிகைப்படுத்தத் தேவையில்லை. இடுப்பு, முழங்கால் தேய்மானத்துக்கு நீர்ப் பயிற்சி பற்றி நடந்த 13 ஆய்வுகளை, ஏறக்குறைய 1,200 பேரின் விவரங்களை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 2016இல் அலசியது. சிகிச்சை முடிந்த உடனே பார்த்தால், 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாக 5 புள்ளிதான் குறைந்திருந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனிலும் அதேபோன்ற சிறிய முன்னேற்றம். அற்புதம் ஏதுமில்லை. தரையில் ஒழுங்காகப் பயிற்சி செய்ய முடிந்த ஒருவரைக் குளத்துக்குத் தேடி வரச் சொல்ல இது காரணமாகாது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வேறு ஒரு விவரம் இருக்கிறது. ஷாங்காயில் 113 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு வாரம் இரு முறை, முறைக்கு ஒரு மணி நேரம் வீதம், மூன்று மாதம் நீர்ப் பயிற்சி தந்தார்கள். மற்றவர்களுக்கு மின்தூண்டலும் அகச்சிவப்புக் கதிர் வெப்பமும். 2022இல் வெளியான முடிவின்படி, நீரில் பயிற்சி செய்தவர்களுக்கு வலியும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் நின்றது. மின்தூண்டலும் வெப்பமும் என்பது வேறெதுவுமில்லை, நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறோமே, அதுதான். பிசியோதெரபி என்றாலே படுக்கவைத்துக் கரண்ட் வைப்பது என்று நம் நோயாளிகள் நம்புகிறார்கள். நம்பவைத்த மையங்களும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. படுத்துக்கொண்டே வாங்கும் சிகிச்சையைவிட, உடலை அசைத்துச் செய்யும் சிகிச்சைதான் நிலைக்கும். நீரில் செய்வதன் சிறப்பு, அசையவே முடியாதவரையும் அது அசைய வைக்கிறது என்பது.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. கழுத்தளவு நீரில் இறங்கினால், கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் ரத்தத்தில் சுமார் 700 மில்லிலிட்டர் மார்புப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. இதயம் அதற்கேற்பக் கூடுதலாக உழைக்க வேண்டும். இதயச் செயலிழப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள் இறங்கவே கூடாது. கட்டுப்படாத வலிப்பு, ஆறாத புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்களும் கூடாது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தையல் பிரித்து, காயம் முழுக்க மூடிய பிறகே தண்ணீரைப் பற்றி யோசிக்கலாம். நம்மிடம் கூடுதல் கவனம் தேவைப்படுவது சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில். நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னையின் ஆய்வு நிறுவனம் ஒன்று முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் கணக்கிட்டது. மரத்துப்போன பாதத்தில் டைல்ஸ் விளிம்பு கீறினாலும் தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் பாதத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், தண்ணீரில் போடுவதற்கு ரப்பர் காலணி வேண்டும். வெதுவெதுப்பான நீர் கிருமிகளுக்கும் பிடித்தமானது. குளோரின் அளவும் ஃபில்டரும் ஒரு நாள் தவறினாலும் தோல் தொற்றும் காதுத் தொற்றும் வந்து நிற்கும். இவை பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், பணம் கட்டியவுடன் ‘இறங்குங்கள்’ என்று சொல்லும் இடம் சிகிச்சை மையமே அல்ல.

இனி நம் குளங்களுக்கு வருவோம். மாநகராட்சிகள் நீச்சல் குளங்களை நடத்துகின்றன. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் ஒரு நீச்சல் வளாகமே எழுப்பப்பட்டது. போட்டிக்கான குளம் போட்டியாளர்களுக்குத்தானே பொருந்தும்? ஆழம் அதிகம், தண்ணீர் குளிர்ச்சி, இறங்குவதற்குச் செங்குத்தான ஏணி. முழங்காலை மடக்க முடியாதவர் அந்த ஏணியின் முதல் படியிலேயே திரும்பிவிடுவார். இந்தச் சிகிச்சைக்கு நீச்சல் தெரிந்திருக்கத் தேவையே இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. அடுத்தது உடை. முழங்கால் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆனால், நீச்சலுடை கட்டாயம் என்று பலகை மாட்டிய குளத்துக்கு ஐம்பது வயதைக் கடந்த எந்த அம்மா போவார்? ஆற்றிலும் கண்மாயிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று மணிக்கணக்காகத் துணி துவைத்த தலைமுறைப் பெண்களுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. பார்க்கிற கண்கள்தான் பயம். அவர்களுக்குத் தனி நேரம், உடலோடு ஒட்டிய முழு உடுப்புக்கு அனுமதி, பெண் பிசியோதெரபிஸ்ட், கதவு பூட்டும் உடைமாற்று அறை ஆகியவை இல்லாமல் எத்தனை கோடியில் குளம் கட்டினாலும் அது பாதிப் பேருக்கு மூடிய குளமே.

போலியோ தலைமுறை ஒன்றும் நம்மிடையே இருக்கிறது. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் வந்த கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. அதோடு அந்த நோயை நாம் மறந்துவிட்டோம். அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களில் பலர் இப்போது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். காலுக்கு வேலை கொடுக்க முடியாமல் தோளாலும் மணிக்கட்டாலும் உடலைச் சுமந்த அவர்களுக்கு, இப்போது அந்த மூட்டுகளும் தேய்ந்து வலிக்கின்றன. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தது போன்ற குளம் இவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியபோது, வீட்டுக்கே போய் இயன்முறை சிகிச்சை தருவதையும் அதில் சேர்த்தார்கள். நல்ல முடிவு, பக்கவாதத்தில் படுத்தவர் வீட்டுக்குள் ஒரு பிசியோதெரபிஸ்ட் நுழைவதே பல கிராமங்களுக்குப் புதிது. அந்தப் பணியைக் குறைத்துக் குளம் கட்டச் சொல்லவில்லை. வீட்டில் கற்றுத்தரும் பயிற்சியைத் தாங்க முடியாமல் வலியால் நிறுத்திவிடுகிறவர்களை அனுப்புவதற்கு அடுத்த படி ஒன்று வேண்டும். இப்போது அந்தப் படி இல்லை.

செலவைக் காட்டி மறுப்பார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் தங்கள் சிகிச்சைக் குளங்களைப் பராமரிப்புச் செலவு தாங்காமல் மூடிவிட்டன. நோயாளிகள் கையெழுத்து இயக்கம் நடத்தியும் சில குளங்கள் திரும்பத் திறக்கவில்லை. அங்கே குளிர்காலத்தில் தண்ணீரை 34 டிகிரிக்குக் கொண்டுவருவது பெரும் செலவு. நமக்கு வெயில் இருக்கிறது. கூரை போட்ட ஒரு சிறு குளத்துக்குச் சூரிய வெப்பத் தகடுகள் ஆண்டில் பல மாதங்கள் பெருமளவு வேலையைச் செய்துவிடும். எல்லா ஊரிலும் கட்டச் சொல்லவுமில்லை. சென்னை கே.கே. நகரில் இருக்கும் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தையும், தென்மாவட்டங்களிலும் மேற்கு மாவட்டங்களிலும் தலா ஒரு அரசு மருத்துவக் கல்லூரியையும் எடுத்துக்கொண்டு, மூன்று குளங்களை முறையாக நடத்தி, இரண்டு ஆண்டு விவரங்களை வெளியிடட்டும். பலன் இல்லையென்றால் மூடிவிடலாம்.

அதற்கும் முன்னால், காசே அதிகம் ஆகாத ஒரு காரியம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 விளையாட்டு வசதிகள் அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்கிறது. புதிய நீச்சல் குளங்களுக்கு நகராட்சிகள் வரைபடம் தயாரிக்கும்போதே ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியோடு சாய்தளமும், நாலடிக்கு மேல் ஆழமில்லாத ஒரு பகுதியும் சேர்ப்பது கட்டிய பிறகு உடைத்துச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு மலிவு. நகராட்சி நிர்வாகத் துறை இதை ஒரு சுற்றறிக்கையில் கட்டாயமாக்கலாம். அடுத்த குளத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் கோப்பு மேசைக்கு வரும்போது, சாய்தளம் இல்லாத வரைபடத்தை ஆணையர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.